திறந்தே தொங்கும் சிவப்புப் பூட்டு

பெங்களூரை ஒட்டிய ஹெப்பகோடியில் எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னல் கம்பியில் ஒரு சிவப்புப் பூட்டு தொங்குகிறது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் சிறிய பூட்டு. அதில் ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டு தாளிப்புப் புகையில் மங்கிப்போய், யாருடைய பெயர் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். பூட்டு எப்போதும் திறந்தே இருக்கும். சாவியும் அதிலேயே செருகியிருக்கும். "எதையாச்சும் பூட்டு, இல்லன்னா தூக்கிப் போடும்மா" என்று என் மகள் பலமுறை சொல்லிவிட்டாள். அவள் சொல்வது நியாயம்தான். இந்த வகைப் பூட்டில் ஒரு தொல்லை உண்டு. திறந்திருக்கும்போது சாவியை உருவ முடியாது. பூட்டினால்தான் சாவி கைக்கு வரும். வீட்டுக்கு ஆகாத பூட்டு, தொழிற்சாலைக்கென்று செய்தது.

பொம்மசந்திராவில் நான் முதலில் வேலை பார்த்தது, வண்டிகளுக்கு இரும்புத் தகட்டில் பாகம் அடிக்கும் ஒரு தொழிற்சாலையில். பிரஸ் என்று சொல்லும் பெரிய அழுத்து இயந்திரங்கள் வரிசையாக நிற்கும். மேலேயிருந்து இறங்கும் இரும்புக்குக் கையும் தகடும் ஒன்றுதான். அவற்றைப் பழுது பார்க்கும் பிரிவில் நான் ஒருத்திதான் பெண். பாலிடெக்னிக் முடித்து, கல்யாணமாகி, குழந்தையையும் கணவரையும் ஆம்பூரில் விட்டுவிட்டு, வாரம் முழுக்க இங்கே ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் கிடந்தேன். எங்கள் பிரிவுக்குத் தலைவர் மெயின்டெனன்ஸ் சார். பெங்களூர் ஆடுகோடியிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், அலுவலகத்தில் அரைகுறை ஆங்கிலம். பதற்றம் வந்தால் மட்டும் எங்கிருந்தாலும் கன்னடத்துக்குப் போய்விடுவார்.

எங்கள் ஒவ்வொருவருக்கும் பெயர் ஒட்டிய ஒரு சிவப்புப் பூட்டு, அதற்கு ஒரே ஒரு சாவி. பழுது பார்க்க இயந்திரத்துக்குள் கை வைக்கும் முன், அதன் மின்சுவிட்சை அணைத்து, நம் பூட்டை அதில் மாட்டிச் சாவியைக் கழுத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். மாட்டியவர்தான் எடுக்க வேண்டும். முதலாளியே வந்தாலும் அடுத்தவர் பூட்டைத் தொடக் கூடாது. எல்லாத் தொழிற்சாலையிலும் இருக்கும் விதிதான். மற்ற இடங்களில் அதிகாரிகள் வரும் நாளில் மட்டும் நினைவுக்கு வரும். சாருக்கு அது மூச்சு மாதிரி. "உள்ள போறது யாரு கையோ, சாவி அவங்க கிட்ட இருக்கணும்" என்று ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்வாரோ தெரியாது. நாங்கள் அவர் முதுகுக்குப் பின்னால் அதே குரலில் சொல்லிச் சிரிப்போம்.

ஒரு வருடம் முழுக்க ஒருவருக்கும் சிறு காயம்கூட ஆகவில்லை என்று எங்கள் பிரிவுக்கு நிர்வாகம் பரிசு அறிவித்தது. அந்தமானுக்கு விமானப் பயணம். அதில் ஒரு நாள், சின்னத் தீவொன்றுக்குப் படகில் போய், காட்டுப் பாதையில் நாமே ஜீப் ஓட்டி, மறுபக்கக் கடற்கரையில் மாலைவரை இளைப்பாறித் திரும்புவது. எங்களில் பாதிப் பேர் விமானத்தை அண்ணாந்துதான் பார்த்திருந்தோம். எனக்கு இன்னொரு சந்தோஷமும் சேர்ந்திருந்தது. என் கணவர் ஆம்பூர் ஷூ கம்பெனி வேலையை விட்டுவிட்டு, குழந்தையோடு பெங்களூர் வருவதென்று முடிவாகியிருந்தது. எனக்கு நிரந்தர வேலை இருக்கிறதே, அவருக்கு இங்கே மெதுவாகத் தேடிக்கொள்ளலாம் என்ற தைரியம். தீவுக்குப் போன அந்தச் சனிக்கிழமைதான் அவர் ராஜினாமா கொடுப்பதாக இருந்தது. நான் இதைக் கேட்டவர் கேட்காதவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சாரிடம் இரண்டு முறை சொன்னேன்.

காலையில் படகுத்துறையில் கூரையில்லாத ஜீப்புகள் நின்றன. சார் ஒவ்வொன்றையும் சுற்றிவந்து டயரை உதைத்துப் பார்த்தார். எங்கள் எலக்ட்ரீஷியன் அண்ணன், தர்மபுரிக்காரர், சும்மா இருப்பாரா? "சார், கடலுக்கும் ஒரு பூட்டு மாட்டிட்டு வந்துருங்க, அலை வராம இருக்கும்" என்றார். வழக்கமாக இதற்கு வட்டியும் முதலுமாகப் பதில் கிடைக்கும். அன்று சார் சிரித்தாற்போல் முகத்தை வைத்துக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டார். கடல்காற்று ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

முன்னால் வழிகாட்டியின் வண்டி போக, பின்னால் நாங்கள் போனோம். சார் ஓட்டினார், அண்ணனும் நானும் அதே வண்டியில். பாதை என்று சொல்வது மரியாதைக்குத்தான். வேர்கள், பள்ளம், முந்தின நாள் மழையில் ஊறிய செம்மண். ஓடையைக் கடக்கும்போது தண்ணீர் காலடியில் ஏறியது. ஜீப் சாய்ந்தபோதெல்லாம் நான் கத்தினேன், அண்ணன் பக்தியோடு முருகனைக் கூப்பிட்டார். மரங்கள் இரண்டு பக்கமும் வானத்தை அடைத்து நின்றன. ஒரு திருப்பத்தில் அவை சட்டென்று விலகி, எதிரே கடல் கிடந்தது. அத்தனை வெளிர் நீலத்தை நான் அதுவரை துணிக்கடையில்தான் பார்த்திருந்தேன். என் மகளை இங்கே கூட்டி வரவேண்டும் என்று அந்த நொடியே தீர்மானித்தேன்.

கடற்கரையில் எங்களைத் தவிர ஆளில்லை. மரங்களுக்கிடையே கட்டிய வலை ஊஞ்சலில் அண்ணன் விழுந்தவர், கைக்குட்டையை முகத்தில் போட்டுக் குறட்டை விட ஆரம்பித்தார். மற்றவர்கள் தண்ணீரில் இறங்கிவிட்டார்கள். நான் நீந்தத் தெரியாதவள்; நிழலில் உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தேன். சார் வந்து, கழுத்திலிருந்த கயிற்றைக் கழற்றி என்னிடம் நீட்டினார். அதில் அவருடைய பூட்டின் சாவி. பெங்களூரில் ஒரு பிரஸ்ஸைப் பழுதுக்கு நிறுத்தி, உதிரி பாகம் வரவேண்டியிருந்ததால் பூட்டை மாட்டிவிட்டு வந்திருந்தார். "உப்புத் தண்ணி படக்கூடாது. பத்திரமா வெச்சுக்கோ மா" என்றார். நான் கழுத்தில் போட்டுக்கொண்டேன்.

முழங்கால் ஆழம்வரை போய் நின்றார். கால்சட்டையைக் கூட மடித்துவிடவில்லை. நெடுநேரம் அப்படியே நின்றுவிட்டுத் திரும்பி வந்து என் எதிரே மணலில் உட்கார்ந்தார்.

"உன் வீட்டுக்காரரு இன்னைக்கா ராஜினாமா குடுக்கறாரு?"

"ஆமா சார், சாயந்தரம் ஷிஃப்ட் முடிஞ்சதும்."

"குடுக்க வேணாம்னு சொல்லு மா."

நான் சிரித்தேன். வேடிக்கை பண்ணுகிறார் என்றே நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. கம்பெனியை மூடுகிறார்கள், பிரஸ்ஸை எல்லாம் வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோகிறார்கள், அடுத்த மாதம்தான் அறிவிப்பார்கள், பயணம் கிளம்பும் முந்தின நாள் சாயங்காலம் டைரக்டர் தன்னைக் கூப்பிட்டுச் சொன்னார் என்றார். யாரிடமும் வாய் திறக்கக் கூடாது என்பது உத்தரவு. திறக்காவிட்டால் புதிய இடத்தில் அவருக்கு வேலை உண்டு. பரிசு என்று நாங்கள் குதித்துக்கொண்டு வந்த பயணம், எங்களை வழியனுப்பும் விருந்து என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். டைரக்டர் மேல் அல்ல, எதிரே உட்கார்ந்திருந்தவர் மேல். "ரெண்டு நாளா தெரிஞ்சும் ஏன் சார் சொல்லல?" என்று கேட்டேன்.

"சொல்லலாமா வேணாமான்னுதான் மா ரெண்டு நாளா தூங்கல. எனக்கும் வூடு இருக்குது, பசங்க இருக்குது." மணலைக் கையில் அள்ளி அள்ளிக் கீழே விட்டார். "ஆனா உன் வீட்டுக்காரரு இன்னைக்குக் கைய உள்ள வுடப் போறாரு. மேலேர்ந்து சுவிட்ச் போடப் போறாங்கன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கினு சும்மனே உக்கார என்னால ஆகல."

நான் போனை எடுத்தேன். சிக்னல் இல்லை. படகுத்துறையில்தான் கிடைக்கும் என்றார் வழிகாட்டி. நிழல்கள் நீளத் தொடங்கியிருந்தன. சார் அண்ணனை ஊஞ்சலோடு உலுக்கி எழுப்பினார். தூக்கக் கலக்கத்தில் என்ன ஏது என்று கேட்காமல் அண்ணன் ஓடி வந்து ஏறினார். வழியில்தான் அவருக்கு விஷயத்தைச் சொன்னோம். காலையில் நான் கத்திச் சிரித்த அதே பள்ளங்கள். இப்போது ஒவ்வொன்றும் ஆம்பூருக்கும் எனக்கும் நடுவில் கிடந்தது. சார் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு "நிதானா, நிதானா" என்று கன்னடத்தில் முணுமுணுத்தபடியே வேகமாக ஓட்டினார்.

ஓடைக்கு முன்னால் சேற்றில் பின்சக்கரம் இறங்கிவிட்டது. எஞ்சினை முறுக்க முறுக்க இன்னும் புதைந்தது. நான் குதித்து இறங்கி, ஓரத்தில் கிடந்த மரக்கட்டையை இழுத்து வந்து சக்கரத்துக்கு அடியில் திணிக்கக் குனிந்தேன். "நில்லு" என்றார் சார். எஞ்சினை அணைத்து, சாவியை உருவிக்கொண்டு இறங்கி, சேற்றில் நடந்து வந்து என் கையில் கொடுத்தார். "சார், நேரம் ஆகுது" என்று கிட்டத்தட்ட அழுதேன். "சாவிய வெச்சுக்கோ. அப்புறம் கைய வெய்யி" என்றார். அவர் குரல் துளியும் உயரவில்லை. வேலை போகப்போகிற ஒருத்திக்கு, வேலையைப் பணயம் வைத்துவிட்ட ஒருவர், யாருமில்லாத காட்டில் அந்த விதியை ஒரு எழுத்து பிசகாமல் செய்துகாட்டிக்கொண்டு நின்றார். எனக்கு அவரைப் பிடித்துத் தள்ளவேண்டும் போலவும் இருந்தது, காலில் விழவேண்டும் போலவும் இருந்தது. அண்ணனும் நானும் கட்டையைத் திணித்தோம். எழுந்து விலகி நின்று சாவியைக் கொடுத்தேன். ஜீப் ஏறி வந்துவிட்டது.

படகுத்துறையில் சிக்னல் வந்ததும் கணவரைக் கூப்பிட்டேன். முதல் முறை அவர் எடுக்கவில்லை. இரண்டாம் முறை எடுத்தார்.

"இன்னா, கடலு எப்டி கீது?"

"குடுத்துட்டியா?"

"மேனேஜர் வாணியம்பாடிக்குக் கல்யாணத்துக்குப் போய்க்கீறார். வந்ததும் குடுக்கணும். ஏன்?"

சொல்லவேண்டியதைச் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு, "சரி, நீ பத்திரமா வந்து சேரு" என்றார். சார் சற்றுத் தள்ளி, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி, வண்டியின் சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

மற்ற ஜீப்புகள் வந்ததும், படகு ஏறும் முன் எல்லோரையும் நிற்கவைத்துச் சொல்லிவிட்டார். ஒருத்தியிடம் சொன்னதை மற்றவர்களிடம் மறைப்பது எப்படி என்று நினைத்திருப்பார். அவருக்கு நன்றி சொன்னவர்கள் குறைவு. இருந்த ஒரு நாள் சந்தோஷத்தையும் கெடுத்துவிட்டார் என்று படகில் ஒருவர் சத்தமாகவே சொன்னார். சார் காதில் விழாதவர்போலத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விஷயம் எங்களுக்கு முன்னாலேயே பெங்களூர் போய்ச் சேர்ந்துவிட்டது. திங்கட்கிழமை காலை தொழிற்சாலை வாசலில் காவலாளிகள் சாரை நிறுத்திவிட்டார்கள். டிபன் பையோடு நின்றவர், எங்களைப் பார்த்து உள்ளே போகும்படி கையைக் காட்டினார். பத்தொன்பது வயதில் அந்த வாசலில் நுழைந்தவர். அப்படியே திரும்பி பஸ் ஸ்டாப்புக்கு நடந்துபோனார். அவர் சாவி என் கழுத்தில் இருந்தது என்பது மதியம்தான் எனக்கு நினைவு வந்தது.

உதிரி பாகம் கடைசிவரை வரவில்லை. அந்தப் பிரஸ்ஸின் சுவிட்சில் அவர் பூட்டு அப்படியே தொங்கியது. இயந்திரங்களை லாரியில் ஏற்ற ஆட்கள் வந்தபோது, அலுவலகத்திலிருந்து ஒருவர் பூட்டை வெட்டச் சொன்னார். வெட்டும் கருவியைக் கையில் வாங்கிய எலக்ட்ரீஷியன் அண்ணன், அதைத் தரையில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டார். நான் சாரைப் போனில் கூப்பிட்டேன்.

"உள்ள யாரு கையாவது இருக்குதா மா?" என்று கேட்டார்.

"இல்ல சார்."

"யாராவது சொன்னாங்களா, நீயே போய்ப் பாத்தியா?"

நான் போனைப் பிடித்துக்கொண்டே பிரஸ்ஸைச் சுற்றிவந்து, குனிந்து, இரண்டு பக்கமும் பார்த்தேன். "நானே பாத்துட்டேன் சார்."

"அப்ப தொற."

திறந்தேன். திறந்துவிட்டேன் என்று சொல்லும்வரை அவர் போனை வைக்கவில்லை. அடுத்தவர் பூட்டை நான் திறந்தது அந்த ஒருமுறைதான். கொண்டுவந்து தரட்டுமா என்று கேட்டதற்கு, "எனக்கு எதுக்கு மா இனிமே, நீயே வெச்சுக்கோ" என்றார்.

சில மாதங்கள் ஆம்பூரில் கணவர் சம்பளத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அன்று அந்தச் சம்பளமும் போயிருந்தால் என்ன ஆகியிருப்போம் என்பதை இரண்டு பேரும் ஒருபோதும் பேசிக்கொண்டதில்லை. பிறகு பொம்மசந்திராவிலேயே வேறு இடத்தில் வேலை கிடைத்தது. நாலு காசு சேர்ந்து, அவருக்கும் இங்கே ஒரு வேலை உறுதியான பிறகுதான் வீட்டைக் காலிசெய்துகொண்டு வந்தோம். சாருக்கு அந்த வயதில் யாரும் வேலை தரவில்லை. ஆடுகோடியில் வீட்டு வாசலிலேயே மிக்சி, அயர்ன் பாக்ஸ் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். பண்டிகைக்குப் போவோம், மகளுக்குத் தீவின் கதையைச் சொல்வார், ஜீப் சேற்றில் இறங்கியதோடு நிறுத்திவிடுவார்.

இந்த மழைக்காலத்தில் சார் இறந்துபோனார். செய்தி கேட்டதும் பூட்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். சாவியையாவது அவருடைய மனைவியிடம் கொடுக்கவேண்டும் என்று தோன்றியது. அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசி வரைக்கும் மிக்சிய கழட்டறதுக்கு முன்னாடி பிளக்கைப் புடுங்கி என் கையில குடுத்துருவாரு மா. புடிச்சுக்கினே நிப்பேன். அடுப்புல கொழம்பு தீஞ்சாலும் வுடமாட்டாரு" என்றார். சொல்லிக்கொண்டே இருந்தவர், பிளக்கைப் பிடித்திருப்பதுபோல் மூடிய கையைப் பார்த்து அழுதார்.

நான் கைப்பைக்குள் கைவிட்டுச் சாவியைத் தேடிப் பிடித்தேன். பூட்டை அழுத்தி மூடினால்தான் அது வெளியே வரும். விரல் அங்கேயே கொஞ்சநேரம் நின்றது. அவர் திறக்கச் சொல்லித் திறந்த பூட்டு அது. மூடச் சொல்ல அவர் இல்லை. கையை வெறுமனே வெளியே எடுத்தேன். வீட்டுக்கு வந்து ஜன்னல் கம்பியில், இருந்த இடத்திலேயே, திறந்தபடி மாட்டினேன்.