முந்நூற்றில் ஓர் ஆதி தாளம்

தாளம் தட்டுகிற மெட்ரோனோம் கருவியை நிமிடத்துக்கு முந்நூறு அடியில் வைத்துக் கேட்டுப் பாருங்கள். தாளம் மாதிரியே இருக்காது. எண்ணெயில் கடுகு வெடிக்கிற மாதிரி இருக்கும். அந்த வேகத்தில் ஒரு ஜாஸ் பாட்டை வயலினில் வாசிக்கிறேன் என்று ஒப்புக்கொண்டேனே, என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வேகம் மட்டும் என்றால் எப்படியாவது சமாளிக்கலாம். இந்தப் பாட்டில் இரண்டு அடிக்கு ஒரு தடவை கார்டு, அதாவது பின்னால் சேர்ந்து ஒலிக்கிற சுரக்கூட்டு, மாறும். இப்போது சரியாக இருக்கிற சுரம் கண் மூடித் திறப்பதற்குள் அபஸ்வரம் ஆகிவிடும். ஒரே ராகத்தில் ஒரு மணி நேரம் சௌகரியமாக உட்கார்ந்து பழகிய மயிலாப்பூர் விரல்கள் என்னுடையவை. நிமிடத்துக்கு நூற்றைம்பது தடவை வீடு மாறு என்றால் அவை என்ன செய்யும்?

கோட்டூர்புரத்தில் எங்கள் நால்வர் குழுவின் கிடாரிஸ்ட் வீட்டு மாடியில் ஒத்திகை. பெருங்குடி ஆபீசிலிருந்து நேராக அங்கே போவேன். ஆறு மாதமாக அந்தப் பாட்டில் நான் தனியாக வாசிக்க வேண்டிய சோலோ வரும்போதெல்லாம் இதே கதை. பயத்தில் கை இறுகும், இறுகினால் வேகம் கூடும், மற்ற மூன்று பேரையும் விட்டுவிட்டு நான் தனியாக எங்கேயோ போய் நிற்பேன். டிரம்ஸ் வாசிக்கிற கே.கே. நகர்க்காரன் ஒருநாள் குச்சியைக் கீழே வைத்துவிட்டான்.

"அக்கா, நீ ஓடிக்கினே கீற. பாட்டு அங்கயேதான் நிக்குது."

வந்த ஆத்திரத்துக்கு வில்லாலேயே ஒன்று போட்டிருப்பேன். ஆனால் அவன் சொன்னது உண்மை.

பாஸ் கிடார் வாசிப்பவர்தான் குழுவை நடத்துகிறார். பொறுமைசாலி. அவரே சொல்லிவிட்டார்: "சனிக்கிழமை ஷோவுலயும் விட்டீங்கன்னா, அந்த சோலோவ கிடாருக்கே குடுத்துடலாம் மேடம்." அதுவரை அக்கா என்று கூப்பிட்டவர். அந்த மேடம்தான் இன்னும் எரிந்தது.

சனிக்கிழமை சாயங்காலம், மயிலாப்பூரில் ஒரு சின்ன ஹால். முதல் வரிசை நடுவில் ஒரு மாமா. நோட்டீஸில் வயலின் என்று போட்டிருந்ததைப் பார்த்து வந்துவிட்டார் போலிருக்கிறது. பாட்டு ஆரம்பித்ததும் தொடையில் தாளம் போட ஆரம்பித்தார். போச்சுடா என்று நினைத்தேன். எதிரே யாராவது தாளம் போட்டால் என் கண் அங்கேயேதான் போகும். சின்ன வயதிலிருந்து இருக்கிற வியாதி.

என் சோலோ வந்தது. என் கால் ஒவ்வோர் அடிக்கும் தரையைக் குத்திக்கொண்டிருந்தது, கெண்டைக்கால் பிடித்துக்கொண்டுவிட்டது. மாமாவுக்கோ அவசரமே இல்லை. நாங்கள் நான்கு அடி ஓடி முடித்தால் அவர் ஒரு தட்டு. அடுத்த நான்குக்குச் சுண்டுவிரல். அதற்கடுத்த நான்குக்கு மோதிர விரல். அட, ஆதி தாளம்! நாலே ஆவர்த்தனத்தில் பாட்டின் ஒரு முழுச் சுற்றும் அடங்கிவிடும். தாளம் நிதானமாக இருக்கட்டும், வாசிப்பு ஓடட்டும் என்று ஐந்து வயதிலேயே படித்த பாடம். அதையே இங்கிலீஷ் நோட்டில் எழுதிக் கொடுத்தால் மறந்துபோகுமா? மடச்சி!

அவர் கையோடு காலைச் சேர்த்தேன். தோள் இறங்கியது. பாதிச் சுரங்களைத் தூக்கிப் போட்டேன்; மிச்சம் விழ வேண்டிய இடத்தில் விழுந்தது. இரண்டு சுற்று முடித்து டிரம்ஸோடு ஒன்றாக வந்து இறங்கினேன். அவன் முப்பத்திரண்டு பல்லையும் காட்டினான். மேடையை விட்டு இறங்கும்போது பாஸ்காரர், "சோலோ உங்களுதுதான்க்கா" என்றார்.

நேராக மாமாவிடம் ஓடினேன். "மாமா, உங்க கைதான் இன்னிக்கு என்னைக் காப்பாத்தித்து."

"என் கையா? நன்னாயிருக்கு போ! நீ ஆரம்பிச்ச கொஞ்ச நாழிலயே எனக்குத் தாளம் விட்டுப்போச்சு. அப்பறம் முழுக்க உன் காலைப் பாத்துண்டுதானே போட்டேன்!"

அட ராமா! ஆறு மாதமாக நான் நம்பாத கால் அது.