எதிர் வீட்டில் வைத்த பை

சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகுகாலம். செங்குன்றம் பக்கம் ஒருநாள் சுற்றிப்பார்க்கப் போகும் வேன் வருவதோ ஒன்பதரைக்கு. மயிலாப்பூரில் எங்கள் அடுக்ககத்தில் இதற்காக யாரும் வேனைத் தள்ளிப்போட மாட்டார்கள், பரஸ்தானம் வைத்துவிடுவார்கள். ஒன்பதுக்கு முன்பே பையைக் கொண்டுபோய் எதிர் வீட்டில் வைத்துவிட்டால், நல்ல நேரத்திலேயே கிளம்பிவிட்டதாகக் கணக்கு. எதிர் வீட்டு மாமியும் எங்களோடு வருவதால், அவருடைய புளியோதரைப் பை எங்கள் வீட்டுக்கு வந்தது. எங்கள் பையை அப்பாவே கொண்டுபோய் மாமி வீட்டில் வைத்தார்.

எங்கள் பையில் ஒரு பழைய புகைப்படம் இருந்தது. செங்குன்றத்துக்கு அப்பால், உலகப் போரின்போது போட்ட விமான ஓடுபாதையில் தாத்தா இடுப்பில் கைவைத்து நிற்பார்; அங்கே குமாஸ்தாவாக இருந்தவர். பின்னால் மூன்று பனைமரங்கள். அப்பாவுக்குக் கண்ணில் நீரழுத்தம். இருக்கிற பார்வையைக் காப்பாற்றலாம், போனது திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இருக்கிற பார்வையும் மங்குவதற்குள் அந்த இடத்தைப் பார்த்துவிட வேண்டும், அதே இடத்தில் என்னை நிறுத்திப் படமெடுக்க வேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை.

முதலில் ஒரு பழைய அரிசி ஆலைக்குப் போனோம். உமித் தூசியில் அரை மணி நேரம் தும்மியதுதான் மிச்சம். அடுத்து ஓடுபாதையில் இறங்கியபோதுதான் பையைத் தேடினேன்.

"நீங்களே எடுத்துண்டுட்டேள்னுன்னா நெனச்சேன்! கண்ணுல படவே இல்லையேடி. வீட்டைப் பூட்டிண்டு வந்துட்டேன்" என்றார் மாமி.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவருடைய புளியோதரையை நான் மறக்காமல் சுமந்து வரவில்லையா? அப்பா மட்டும் பதறவே இல்லை. "போனாப் போறது, விடு" என்று, விரிசல்களில் புல் முளைத்த சிமெண்டில் கைத்தடியைத் தட்டிக்கொண்டே நடந்தார். ஓரிடத்தில் நின்று, "இங்கதான்" என்றார். சுற்றுவட்டாரத்தில் ஒரு பனைமரம்கூட இல்லை. நான் இடுப்பில் கைவைத்து நின்றேன். என் போனில் அவரே படமெடுத்தார்.

கடைசியாக ஒரு ரோஜாத் தோட்டம். மாமி என்னை ஒட்டியே வந்தார். நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. பன்னீர் ரோஜாச் செடி ஒன்றை வாங்கி என் கையில் திணித்தார். ஒப்புக்கு வாங்கிக்கொண்டேன்.

வீடு திரும்பியதும் மாமி பையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். கதவுக்குப் பின்னால், குடை மாட்டும் ஆணியில் தொங்கியதாம். நான் படத்தை எடுத்து அப்பாவிடம் நீட்டினேன். வாங்கித் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "அதே எடம்தான், பாரு" என்றார்.

படத்தை அவர் கையிலேயே நேராகத் திருப்பினேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

"மாமியைக் கோச்சுக்காதே" என்றார். "கதவுக்குப் பின்னாடி மாட்டினது நான்தான். அங்க வந்து படத்தைக் கையில குடுத்து, எந்த எடம்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்? ஆறு மாசமா இதுல எனக்கு ஒண்ணுமே தெரியலைம்மா."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பையைக் கவனிக்கவில்லை என்று மாமியிடம் நாளெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். ஆறு மாதமாக ஒரே வீட்டில் இருந்துகொண்டு அப்பாவைக் கவனிக்காதவள் நான்.