சுல்தான் மாமாவின் கிளினிக் நோன்பு

மூன்று மாதமாகத் தேநீரில் ஒரு கரண்டி சீனிகூடப் போடாத மனிதருக்கு இனிப்பு நீர், அதாவது ரத்தத்தில் சர்க்கரை, எப்படி ஏறும்? அன்று டத்தோ கிராமாட்டில் எங்கள் அடுக்குமாடியில் யாருக்கும் பதில் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

அந்த மனிதர் முகம்மது சுல்தான். வயது ஐம்பத்து மூன்று. விடிவதற்குள் தொழிற்சாலை பஸ்ஸை எடுத்து, வேலையாட்களை ஏற்றிக்கொண்டு, கடல் பாலம் தாண்டி அக்கரையிலுள்ள ஜுருவில் இறக்கிவிடுவார். இருபத்திரண்டு வருடங்களாக இதே வேலை. யார் எந்த முனையில் நிற்பார், யார் தினமும் இரண்டு நிமிடம் பிந்துவார், எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்துவிட்டால் அவர்தான் ராஜா.

அந்த ராஜாங்கத்துக்கு ஆபத்து வந்தது. அடுத்த ரத்தப் பரிசோதனையிலும் அளவு இறங்காவிட்டால் இன்சுலின் ஊசிதான் என்று கிளினிக் டாக்டர் சொல்லிவிட்டார். அவருடைய கம்பெனியிலோ ஊசி போட ஆரம்பித்தவருக்குப் பஸ் கிடையாது. ஸ்டோரில் பெட்டி அடுக்க வேண்டியதுதான். ஊசிக்கு அவர் பயப்படவில்லை. ஜன்னலே இல்லாத அந்த ஸ்டோருக்குத்தான் பயந்தார்.

இத்தனைக்கும் சோற்றைப் பாதியாக்கியிருந்தார். மாலையில் அடுக்குமாடியைச் சுற்றி வேர்க்க வேர்க்க நடந்தார். அப்படியும் ஏழுக்குள் இருக்க வேண்டிய அளவு போன பரிசோதனையில் பன்னிரண்டு.

“உண்மையச் சொல்லுங்க, காமாரியா கடையில ஒளிஞ்சு இனிப்பா தே தாரேக் டீ குடிச்சீங்களா?” என்று மனைவி ஷஹீதா பிடித்துக்கொண்டார்.

“அந்தக் கடைப் பக்கமே போகல. நீதான் மிளகாய்ச் சம்பல்ல சீனிய அள்ளிக் கொட்டுற!”

“ஆமா, என் சம்பல்தான் பஸ் ஏறி உங்க பின்னாடியே கிளினிக்குக்கு வருது!”

மறு பரிசோதனைக்கு முதல் நாள். பாலத்தில் பஸ் நத்தையாக ஊர்ந்தது. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் எப்போதும் உட்காரும் மோகனா கேட்டார்:

“அண்ணே, எனக்கும் நாளைக்கு ரத்த டெஸ்ட். கார்டுல மலாய்ல ‘புவாசா’ன்னு எழுதியிருக்கு. விரதம்தானே? பாலும் வாழைப்பழமும் எடுத்துக்கலாம்லா?”

சுல்தானுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “விரதம் இல்லம்மா. புவாசான்னா நோன்பு! ஏழு வயசுலேர்ந்து பிடிக்கிறேன், என்கிட்ட கேளு. விடியறதுக்கு முந்தியே எந்திரிச்சு சஹர் சாப்பிட்டுடணும். அப்புறம் ஒரு சொட்டுத் தண்ணிகூடக் கூடாது. டெஸ்ட் அன்னிக்கு எங்க வீட்டுல சஹர் பலமா இருக்கும். சோறு, ஊத்திக்க மீன் ஆணம், கடைசியில மூணு பேரீச்சம்பழம்.”

அடுத்த இருக்கையில் இருந்த நஜ்வா காதிலிருந்த இயர்போனைக் கழற்றினாள். அவள் தொழிற்சாலை மருந்தறையில் மிஸ்ஸி, அதாவது நர்ஸ்.

“மாமா, பேரீச்சம்பழம் சாப்பிட்டுட்டு எத்தனை மணிக்கு ரத்தம் கொடுத்தீங்க?”

“எட்டு மணிக்கு. ஏம்மா?”

“யா அல்லாஹ்! அது உங்க ரத்தம் இல்ல மாமா, மீன் ஆணம்!”

பஸ்ஸே சிரித்தது. சுல்தானுக்கு மட்டும் அந்தப் பன்னிரண்டு ஞாபகம் வந்தது.

“அக்கா விரதமும் வேணாம், மாமா நோன்பும் வேணாம்,” என்றாள் நஜ்வா. “இது கிளினிக் புவாசா. ராத்திரி பத்து மணிக்கு மேல பாலும் கிடையாது, பழமும் கிடையாது, சஹரும் கிடையாது. ஆனா பச்சத் தண்ணி தாராளமா குடிக்கலாம்.”

“தண்ணி குடிக்கலாமா? நான் நாக்கு வறண்டு போய்ல உட்கார்ந்திருந்தேன்!”

“காலையில போடுற மாத்திரைய மட்டும் என்ன செய்யணும்னு கிளினிக்குக்குப் போன் போட்டுக் கேட்டுக்குங்க. தலை சுத்தினா, கை நடுங்கினா உடனே அங்கேயே சொல்லிடுங்க. வாயை மூடிக்கிட்டு இருக்காதீங்க.”

மறுநாள் ஷஹீதா வழக்கம்போல இருட்டிலேயே எழுந்து அடுப்பைப் பற்ற வைத்தார். “அணைச்சிடு புள்ள,” என்று சுல்தான் ஒரு குவளைத் தண்ணீரோடு கிளம்பினார். டாக்டரிடம் மூன்று பேரீச்சம்பழத்தையும் விடாமல் ஒப்புக்கொண்டார்.

அளவு ஆறு புள்ளி ஒன்பது. மற்ற ரத்த அளவுகளையும் பார்த்த டாக்டர், “ஊசி இப்போதைக்கு வேணாம். நடக்கிறத மட்டும் விட்டுடாதீங்க,” என்றார்.

அதற்கடுத்த நாள் பஸ் பாலம் ஏறியபோது மோகனா மெல்லக் கேட்டார்: “அண்ணே, இன்னிக்கு சஹர் பலமா?”

சுல்தான் வாய்விட்டுச் சிரித்தார். முன்னால் ஒரு வண்டியும் இல்லாத பாதையில் ஹார்னை நீளமாக ஒரு முறை அடித்தார். அவ்வளவு சந்தோஷம்.

விரதம், நோன்பு, புவாசா மூன்றும் ஒன்றுதான் என்று நினைப்பவர் உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார். அவருக்கு ரத்தப் பரிசோதனை தேதி வருவதற்குள் இந்தக் கதையைச் சொல்லிவிடுங்கள். பக்கத்து வீட்டுக்கும் சொல்லச் சொல்லுங்கள்.