கடைத்தெருவில் ஒரு கறை

எங்கள் நூலகத்தில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். நில அளவை அலுவலகத்தில் முப்பது வருடம் வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவர். ஊர்ப் படம் அச்சிட்ட பழைய போஸ்ட் கார்டுகளையும் புகைப்படங்களையும் பார்த்து, ஊரின் அந்தக் காலத்துத் தெருக்களை வரைவார். ஜன்னலுக்கு எத்தனை கம்பி என்று பூதக்கண்ணாடி வைத்து எண்ணுவார். கார்டில் இல்லாத ஒரு காக்கையைக்கூடச் சேர்க்க மாட்டார். கற்பனை என்பது சோம்பேறிகள் செய்கிற வேலை என்று அவருக்கு நினைப்பு. "ஆபீஸ்தான் இவர விட்டுச்சு, இவர் ஆபீஸ விடல" என்று அவர் மனைவி அலுத்துக்கொள்வார்.

நூலகக் கூடத்தில் மாட்டுவதற்குக் கடைத்தெருவை வரையச் சொல்லி நூலகரான நான்தான் கேட்டிருந்தேன். ஒரே ஒரு கார்டை வைத்துக்கொண்டு நான்கு மாதம் வரைந்தார். கடிகாரக் கடை, அடிபம்பு, கடை வாசல்களில் விறைத்துக்கொண்டு நிற்கும் முதலாளிகள், மீசை நுனி உட்பட எல்லாம் அச்சு அசல். ஒப்பிட்டுப் பார்க்கட்டும் என்று அந்தக் கார்டையும் பக்கத்திலேயே மாட்டினோம்.

மறுநாள் காலை, படம் கோணலாக இருக்கிறதா என்று பார்க்க வந்துவிட்டார் மனிதர். கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த அக்கா கார்டையே உற்றுப் பார்த்தபடி நின்றிருந்தார்.

"சார், பம்புகிட்ட இருந்தவங்கள ஏன் விட்டுட்டீங்க?"

கார்டில் பம்பருகே சாம்பல் நிறத்தில் ஒரு தீற்றல். அவ்வளவுதான்.

"அதுவாம்மா? அது கறை. ஈரம் பட்டிருக்கும். நான் எடுத்துட்டேன்."

"கறை இல்ல சார். எங்கம்மா."

துடைப்பத்தைக் கையில் பிடித்தபடியே சொன்னார். "போட்டோக்காரர் எல்லாரையும் அசையாம நிக்கச் சொன்னாராம். அங்க கூலி வேலைக்கு வந்த அம்மாவும் நின்னுருக்காங்க. மேஸ்திரி, 'உனக்கென்ன போட்டோ, வேலையப் பாரு'ன்னு விரட்டிட்டானாம். ஆனாலும் பம்புகிட்ட நான் இருக்கேன்னு சாகற வரைக்கும் சொல்லிட்டே இருந்தாங்க. அந்தக் கார்ட நான் இன்னைக்குத்தான் பாக்கறேன். எங்ககிட்ட அவங்க படம் ஒண்ணுகூட இல்ல சார்."

பூதக்கண்ணாடி கார்டைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். அந்தக் காலத்துக் கேமராவில் அசையாமல் நின்றவர்கள்தான் படத்தில் விழுவார்கள், அசைந்தவர்கள் கலைந்துபோவார்கள். இது அவருக்குத் தெரியாத விஷயமல்ல. தீற்றலின் அடியில், ஊன்றிய ஒரு பாதம் மட்டும் தெளிவாக இருந்தது. அதைத்தான் கல் என்று நினைத்து வரைந்து வைத்திருந்தார். எனக்கு அவரைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது.

"முகம் எப்படிம்மா இருக்கும்?" என்றார்.

"அம்மாவ உரிச்சு வெச்சிருக்கேன்னு சொல்வாங்க."

சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார். "கொஞ்சம் அசையாம நில்லுங்கம்மா."

அக்கா உடனே நிற்கவில்லை. மாடியில் இன்னும் இரண்டு அறை பாக்கி. திரும்பி என் முகத்தைப் பார்த்தார், நான் என்ன சொல்வேனோ என்று. எனக்குச் சுருக்கென்றது.

துடைப்பத்தை அவர் கையிலிருந்து வாங்கி, "நில்லுங்கக்கா" என்றேன். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.