கடப்பாரையான வண்டி அச்சுகள்

1. ஆபீஸ் வாசலில் கூட்டம்

அறுபதுகளில் ஒரு திங்கட்கிழமை காலை. செஞ்சிக் கடைத்தெருவில் இருந்த எங்கள் வக்கீல் ஆபீஸ் வாசலில் இருபது பேருக்கு மேல் கடப்பாரையும் கையுமாக வந்து நின்றார்கள். எதிரே மளிகைக் கடைக்காரர் பாதிக் கதவைச் சாத்திவிட்டார். அப்போது நான் அங்கே குமாஸ்தா. எங்கள் குடும்பத்தில் வியாபாரத்தை விட்டுப் பேனா பிடித்த முதல் ஆள். பிராது எழுதுவது, வாய்தா தேதியை நினைவு வைப்பது, கட்சிக்காரர்களை அதட்டுவது ஆகியவை என் வேலை. அதட்டாத குமாஸ்தாவைக் கட்சிக்காரர் மதிப்பதில்லை. அதனால் அன்றும் அதட்டினேன்.

“இன்னா கோவிந்தசாமி, வக்கீலப் பாக்க வந்தீங்களா, கெணறு வெட்ட வந்தீங்களா?”

கோவிந்தசாமி சிங்கவரத்து விவசாயி. எங்கள் வழக்கில் முதல் வாதி. முகத்தைச் சாதுவாக வைத்துக்கொண்டு சொன்னார்:

“நீதான பாய் ஒடஞ்ச அச்ச எடுத்தாரச் சொன்ன? எடுத்தாந்துக்கிறோம்.”

“அச்சு எங்கய்யா?”

கையில் இருந்த கடப்பாரையைத் தூக்கிக் காட்டினார். “இதான் அச்சு.”

வழக்கு இதுதான். அந்தச் சமயத்தில் எங்கள் பக்கம் மரச் சக்கரம் போய் டயர் வண்டி வந்துகொண்டிருந்தது. மாடு அதேதான். சக்கரமும் இரும்பு அச்சும்தான் புதிது. மெட்ராஸ் கம்பெனி ஒன்று அச்சு தயாரித்து, ஊரில் ஏஜென்சி வைத்து விற்றது. வாங்கிய பலருக்கு ஒரு வருஷம் தாங்கவில்லை. சக்கரம் மாட்டும் இடத்தில் படக்கென்று முறிந்தது. ஏஜென்சியில் போய்க் கேட்டால் எல்லோருக்கும் ஒரே பதில்: “லோடு அதிகமா ஏத்தியிருப்பே.” ஒவ்வொருவரும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பினார்கள்.

எங்கள் வக்கீல் ஐயா இவர்களை ஒன்றாகச் சேர்த்து, மாற்று அச்சு கேட்டு, ஆர்டர் ஒன்று ரூல் எட்டில் திண்டிவனம் கோர்ட்டில் ஒரே வழக்காகப் போட்டார். ஒரே குறை பலருக்கு இருந்தால், எல்லோர் சார்பிலும் இரண்டு மூன்று பேர் வழக்கு நடத்தலாம். மற்றவர்களுக்குத் தகவல் தெரியவேண்டும் என்பதற்காகக் கிராமங்களில் தண்டோரா போடுவார்கள். அனந்தபுரத்தில் தண்டோரா போட்டபோது வரி வசூலுக்கு ஆள் வந்திருப்பதாக நினைத்துச் சிலர் கொல்லைப் பக்கமாக நழுவிவிட்டார்களாம். அப்படியும் நிறையப் பேர் சேர்ந்தார்கள். உடைந்த அச்சுகளை ஒரு இன்ஜினீயர் பார்த்து அறிக்கை கொடுக்கட்டும் என்று கோர்ட் சொன்னது.

அந்த அச்சுகளைத்தான் கடப்பாரையாக அடித்து வைத்திருந்தார்கள்.

அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. எங்கள் பக்கம் மண்ணைவிடப் பாறை அதிகம். நல்ல கனமான இரும்பு கிடைத்தால் யாரும் வீணாக்க மாட்டார்கள். தவிர, உடைந்த வண்டிச் சாமான் வீட்டு வாசலில் கிடக்கக் கூடாது என்று ஒரு வழக்கமும் உண்டு. உடைந்த மறுநாளே கொல்லப்பட்டறைக்குப் போய்விடும். கொல்லர் முறிந்த முனையை நெருப்பில் வைத்து அடித்துக் கூராக்கிவிடுவார். நடுவில் இருந்த கம்பெனி முத்திரை மட்டும் அழியாமல் நிற்கும். முறிந்த இடத்தைத்தான் இன்ஜினீயர் பார்க்கவேண்டும். அந்த இடம் இப்போது நன்றாகக் கிணறு வெட்டிக்கொண்டிருந்தது.

வக்கீல் ஐயா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். “முறிஞ்சது முறிஞ்சபடி ஒண்ணுகூட இல்லையா?”

எல்லோரும் ஒருவர் கடப்பாரையை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் கோவிந்தசாமி சொன்னார்: “தொண்டூர் பக்கம் சூசைகிட்ட ஒண்ணு இருக்குது. அவன் குடுப்பானான்னு தெரியாது சார்.”

2. சூசை வீடு

மறுநாள் சைக்கிளில் போனேன். சூசை கத்தோலிக்கக் குடும்பத்துக்காரர், முப்பது வயதுக்குள் இருக்கும். போன அறுவடையில் மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, மூட்டையாக ஏற்றிக்கொண்டு மண்டிக்கு வந்த வழியில் அச்சு முறிந்து வண்டி சாய்ந்திருக்கிறது. மூட்டைமேல் உட்கார்ந்திருந்த அண்ணன் அடியில் சிக்கிச் செத்துப்போனார். ஓட்டியவர் சூசை. செத்த வீட்டு இரும்பு என்று கொல்லர் அதை நெருப்பில் வைக்க மறுத்துவிட்டார். அதனால்தான் அந்த ஒன்று மட்டும் மாட்டுக் கொட்டகையின் பின்னால் அப்படியே கிடந்தது.

ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு எரிந்தது. அண்ணி மரியம்மா என்னிடம்தான் பேசினார். ஆனால் கொழுந்தன் காதில் விழும்படி பேசினார்.

“ரெண்டு நடையா போங்கடான்னு தலப்பாடா அடிச்சிக்கினேன் பாய். கேட்டானா? அத்தினி மூட்டைய ஒண்ணா ஏத்தனா அச்சு இன்னா பண்ணும்?”

“பல பேருக்கு ஒடஞ்சிருக்குதும்மா. கேஸே அதுக்குத்தான்.”

“எங்க ஊட்ல ஒடஞ்சத ஊரே பாத்துது. வேற எவன் வண்டி ஒடஞ்சி நான் பாத்தேன்? வக்கீல் ஊட்டு ஆளு வேற எப்பிடிப் பேசுவ?”

நான் வந்த விஷயத்தைச் சொல்லி அச்சைக் கேட்டேன். சூசை அதை எடுத்துவந்து என் சைக்கிளில் கட்டிக்கொடுத்தார். தெருமுனை வரை கூட வந்தார்.

“எனக்குப் புது அச்சு வாணாம் பாய். மாட்டயே வித்துட்டேன். இரும்புலதான் கோளாறுன்னு கோர்ட்டு ஒரு வார்த்த சொல்லட்டும். அண்ணி அதக் கேக்கணும். செத்தவரு போயிட்டாரு, இருக்கிறவங்க மூஞ்சி குடுத்துப் பேச மாட்டன்றாங்க.”

அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. கட்டாயம் சொல்லும் என்று தைரியம் கொடுத்துவிட்டு வந்தேன். குமாஸ்தாக்கள் தைரியம் கொடுப்பதில் தாராளமானவர்கள்.

3. ராஜி

இன்ஜினீயர் அந்த அச்சைப் பார்த்தார். முறிந்த முகத்தில் பாதி பளபளவென்றும் பாதி கறுத்தும் இருந்தது. தயாரிக்கும்போதே உள்ளே விரிசல் விழுந்திருக்கிறது என்று எழுதினார். ஆனால் ஒரு அச்சை வைத்து எல்லா அச்சையும் சொல்ல முடியாது என்றும் சேர்த்து எழுதிவிட்டார்.

அறிக்கை வந்ததும் கம்பெனி இறங்கி வந்தது. மானேஜர் வெள்ளைச் சட்டையில் எங்கள் ஆபீசுக்கே வந்து உட்கார்ந்தார். எல்லோருக்கும் கனமான புது அச்சு இலவசம். பழைய இரும்பை ஒப்படைக்கவேண்டும். கடப்பாரையாக இருந்தாலும் முத்திரை தெரிந்தால் போதும். பில் யார் பேரில் இருக்கிறதோ அவர்களும் சாட்சி சொல்ல இருந்தவர்களும் ஒருவர் விடாமல் ராஜி என்கிற சமரசப் பத்திரத்தில் கையெழுத்துப் போடவேண்டும். ஒருவர் மறுத்தாலும் ஒருவருக்கும் கிடையாது. ராஜியின் நடுவில் ஒரு வரி: ‘பிரதிவாதி தம் பேரில் எவ்விதக் குறையும் இருப்பதாக ஒப்புக்கொள்ளாமல்.’

நான்தான் டைப் செய்தேன். எல்லோரையும் உட்காரவைத்துப் படித்தும் காட்டினேன். மற்றவர்கள் அச்சு என்ற வார்த்தை வந்த இடங்களில் தலையாட்டினார்கள். சூசை மட்டும் அந்த வரியில் கையைத் தூக்கினார்.

“அவுங்க மேல கொற இல்லன்னா, அப்ப யார் மேல கொற?”

 வக்கீல் ஐயா மானேஜரைப் பார்த்தார்.

“அந்த வரியை எடுத்துடலாமே.”

“எடுத்தா ராஜி இல்லீங்க. கேஸ் நடக்கட்டும். எத்தனை வருஷம் ஆனாலும் நாங்க நடத்துவோம்.”

நடத்துவார்கள் என்பது எங்களுக்கும் தெரியும். கோவிந்தசாமி எழுந்து சூசை பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அவர் மிரட்டவில்லை. கெஞ்சினார்.

“சூச, மல்லாட்ட புடுங்குற நேரம்டா. வாடக வண்டி வெச்சா கட்டுப்படி ஆவாது. நீ வாணான்னா நாங்களும் வாணான்னு போயிடுறோம். சொல்லு.”

சூசை எழுந்து என் மேஜைக்கு வந்தார். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். எனக்கு வந்த கோபம் யார்மேல் என்றே புரியவில்லை. மானேஜர் தன் வேலையைப் பார்த்தார், கோவிந்தசாமி தன் பயிரைப் பார்த்தார், வக்கீல் ஐயா முப்பது குடும்பத்தைப் பார்த்தார். யாரிடமும் தப்பில்லை. ஆனாலும் எனக்கு மனசு ஆறவில்லை. இப்போது இந்த மாதிரி வழக்கில் ராஜி செய்ய கோர்ட் அனுமதி தேவை. அப்போது அந்த விதி கிடையாது. இருந்திருந்தாலும் எல்லோருக்கும் ஆளுக்கொரு அச்சு என்பதை நியாயம் என்றுதான் ஜட்ஜும் சொல்லியிருப்பார்.

4. ஏஜென்சி முற்றம்

அச்சு கொடுக்கும் நாளில் மரியம்மாவும் வரவேண்டியிருந்தது. பில் அண்ணன் பேரில் இருந்ததால் வாரிசாக அவர் கைநாட்டு வைக்கவேண்டும். பஸ்ஸில் தனியாக வந்து, சூசையிடமிருந்து விலகி வேப்பமரத்தடியில் நின்றார்.

ஏஜென்சி முற்றத்தில் வரிசை நின்றது. ஒவ்வொருவர் தோளிலும் கடப்பாரை. கம்பெனி ஆள் முத்திரையைப் பார்த்துவிட்டுக் குவியலில் போடுவார். ணங்கென்று விழும். அடுத்த ஆள் வருவார். மறுபடி ணங்.

மரியம்மா வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக வந்து, கடைசியில் நின்ற அனந்தபுரத்துக்காரரிடம் கேட்டார்.

“இன்னாத்துக்கு எல்லாரும் கடப்பாரைய எடுத்தாந்துக்கிறீங்க?”

“அச்சும்மா இது. ஒடஞ்சிபோச்சி. கடப்பாரையா அடிச்சிக்கினேன்.”

“எவ்ளோ லோடு ஏத்தன?”

“லோடா? பொண்டாட்டி புள்ளைங்கள கோயிலுக்கு இட்டுனு போனேன்.”

மரியம்மா அடுத்த ஆளிடம் போனார். அவர் வண்டியில் இருந்தது வைக்கோல். அதற்கு அடுத்தவர் கோவிந்தசாமி.

“உன்னுது?”

“வெறும் வண்டிம்மா. சந்தையிலேந்து திரும்பி வரச்சொல்ல ஒடஞ்சிது.”

“வெளிய சொல்லலியே யாரும்?”

கோவிந்தசாமி கடப்பாரையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டார். “இன்னான்னு சொல்றது? பேராசைல ஏத்தனான்னு சொல்லுவாங்க. ராவோட ராவா பட்டறைல போட்டுட்டேன்.”

மரியம்மா குவியல் பக்கம் போய் நின்றார். எத்தனை நேரம் நின்றார் என்று நான் பார்க்கவில்லை. என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

சூசையின் முறை வந்தது. முறிந்த அச்சு கோர்ட்டிலிருந்து வந்து எங்கள் வசம் இருந்தது. அதைக் குவியலில் போட்டார்கள். மரியம்மா கைநாட்டு வைத்தார். புது அச்சைக் காட்டினார்கள். ஒரு ஆள் தூக்குகிற கனம் இல்லை. சூசை ஒரு முனையில் குனிந்தார். மறுமுனைக்கு ஏஜென்சி ஆள் வந்தார்.

“நீ வுடுப்பா,” என்று அவரை விலக்கிவிட்டு மரியம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். குனிந்து மறுமுனையைப் பிடித்தார்.

“சூச, தூக்கு. பாத்து, மெதுவா.”

சூசைக்கு உடனே தூக்க முடியவில்லை.  அவர் பிடித்து நிமிரும் வரை மரியம்மா தன் முனையைத் தூக்கியபடியே காத்திருந்தார். பிறகு இருவரும் அதை வாசலில் நின்ற கோவிந்தசாமி வண்டிக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த வருஷம் அந்த வீட்டில் மறுபடி மாடு கட்டியிருந்ததாகக் கேள்விப்பட்டேன்.

அதன்பிறகு எத்தனையோ ராஜி டைப் செய்தேன். ‘குறையை ஒப்புக்கொள்ளாமல்’ என்ற வரி இல்லாத ராஜி குறைவு. கோர்ட்டில் சூசைக்குக் கிடைக்காதது ஏஜென்சி முற்றத்தில் தற்செயலாகக் கிடைத்தது. அந்த மாதிரி தற்செயல் எல்லாக் கட்சிக்காரருக்கும் அமையாது. அதனால் இப்போது குமாஸ்தா வேலைக்கு வரும் தம்பிகளுக்கு ஒன்று சொல்வேன். அந்த வரியை வேகமாகப் படித்துத் தாண்டிவிடாதீர்கள். நிறுத்திப் படியுங்கள். படித்துவிட்டு எதிரே உட்கார்ந்திருப்பவர் முகத்தைப் பாருங்கள். அவர் ஏதாவது கேட்டால், பேனாவை மூடிவைத்துவிட்டு வக்கீலைக் கூப்பிடுங்கள்.