தம்பி எழுதிய துறைமுகம்

ஆமிக்காரர் ஆட்களை மறித்துச் சோதிக்கிற சென்றியில் நின்றவர்கள்: நான். துவக்கோடு ஒரு சென்றிக்காரன். அவனுக்கு மேலான அதிகாரி. கிண்ணியாவில் இருந்து தேங்காய் கொண்டுவந்த முஸ்லிம் வியாபாரி, சிங்களம் தெரிந்தவர்; அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுவோம். வேறு ஒருவரும் இல்லை.

துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன் நான். தபால் கந்தோரில் தம்பியின் கடிதத்தை எடுத்துக்கொண்டு அன்புவழிபுரத்துக்குத் திரும்பினேன். தம்பி கப்பலில் போய் ஒன்பது மாதம். இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் அவன் பெண்சாதி இருந்தாள். இதுதான் முதல் கடிதம். அவள் முன்னால் உடைப்போம் என்று உடைக்காமல் கொண்டுவந்தேன்.

வழியில் மறித்துச் சென்றிக்காரன் உடைத்தான். நாலு தாள். ஒன்றில் பேனையால் கீறிய படம். ஆறு, கடல், இறங்குதுறை. அதிகாரி வியாபாரியைக் கூப்பிட்டு வாசித்துச் சிங்களத்தில் சொல்லச் சொன்னார்.

தம்பி எழுதியது அவன் இறங்கிய இங்கிலாந்துத் துறைமுகத்தைப் பற்றி. கூட வேலை செய்கிறவன் சொன்னானாம். முன்னம் அந்த ஆறு வேறோர் ஊரடியில் கடலில் விழுந்தது. கடல் கூழாங்கல்லைக் குவித்து அந்த வாயை அடைத்துவிட்டது. பிறகு மீச்சிங் என்ற சின்னக் கிராமத்தடியில் புது வாய் திறந்தது. கப்பல்கள் அங்கே வந்தன. வந்தவர்கள் புதுத்துறை என்றே சொன்னார்கள். அவர்கள் பாஷையில் நியூஹேவன். மீச்சிங் என்ற பேர் போய்விட்டது.

அரசியல் எழுதாதே, ஊர்ச் சேதி, புதினம் மட்டும் எழுது என்று சொல்லி அனுப்பியவன் நான்தான்.

"உங்கட தம்பிக்கு எழுத வேற ஒண்டும் கிடைக்கல்லையா? எந்த ஆறு எண்டு அதிகாரி கேக்கார்," என்றார் வியாபாரி.

"இங்கிலாந்து ஆறு, நானா," என்றேன்.

அதிகாரி மகாவலி ஆறு கடலில் விழுகிற கொட்டியாரக்குடாப் பக்கம் கையைக் காட்டினார்.

"மகாவலிக்கு எங்க புது வாய் வெட்டப்போறீங்க எண்டு கேக்கார்."

"எங்கட கிணத்துக்கே வாளி இல்லை எண்டு சொல்லுங்கோ."

"அத நான் சொல்லமாட்டன். பேசாம நில்லுங்க அண்ணன்."

வியாபாரி உறையில் இருந்த முத்திரையைக் காட்டினார். இங்கிலாந்து ராணியின் தலை. அதிகாரி கனநேரம் பார்த்தார். என்னைப் போகச் சொன்னார். கடிதத்தைத் தரவில்லை.

"வீட்டில அவன்ர மனிசி பாத்துக்கொண்டிருக்கிறா. விலாசத்தையாவது தரச் சொல்லுங்கோ."

வியாபாரி இரண்டு தரம் கேட்டார். ஆறு, துறை என்று வந்த மூன்று தாளையும், விலாசம் இருந்த உறையையும் அதிகாரி வைத்துக்கொண்டார். கடைசித் தாளைத் தந்தார்.

"ஆள் உயிரோட இருக்கார்தானே. கொண்டு போங்க," என்றார் வியாபாரி.

தம்பியின் பெண்சாதிக்கு வாசித்தேன். சுகம் என்று எழுதியிருந்தான். உடனே பதில் போடச் சொல்லியிருந்தான். அவள் தாளைத் திருப்பிப் பார்த்தாள். விலாசம் இல்லை. இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன்.

கைக்கு வந்த தாளில் இருந்தது பதினொரு வரி.