இரண்டு விளக்கும் எரியும் படம்

கடையில் வாங்கும் சின்ன மாதிரி வண்டிகளின் ஹெட்லைட்டைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும். வெள்ளிப் பெயின்ட்டை ஒரு சொட்டு அப்பியிருப்பார்கள். பூ விழுந்த கண் மாதிரி இருக்கும். விலை கூடியதில் கண்ணாடி போல ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதன் நடுவே, மூடியைப் பிடித்திருக்கும் குச்சி கரும்புள்ளியாகத் தெரியும். அதைப் பார்க்க இன்னும் மோசம். கஞ்சிக்கோட்டில் கம்பெனி வேலை முடிந்து எலப்புள்ளியில் வீட்டுக்கு வந்ததும் நான் செய்கிற முதல் காரியம், அந்தக் கண்களைத் தோண்டி எறிந்துவிட்டு நிஜமாக எரியும் விளக்கு வைப்பதுதான்.

என் அக்காவின் கணவர் வேலந்தாவளம் சந்தைக்கு மாடு ஏற்றும் பிக்கப் வண்டி ஓட்டுபவர். சென்ற வருஷம் ஒரு சாயங்காலம், இருட்டும் நேரத்தில், சைக்கிளில் வந்த பால்காரர் ஒருவரை அந்த வண்டி அடித்துத் தள்ளியது. அவருக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. வண்டியின் இடது முகப்பு நொறுங்கிப் போலீஸ் ஸ்டேஷனில் கிடந்தது. பால்காரர் குடித்திருந்தார் என்று மச்சான் சொன்னார். நம்பினேன்.

நான்கு நாள் கழித்து மச்சான் வீட்டுக்கு வந்தார்.

"மாப்ள, வண்டியப் பாக்காம மனசே சரியில்ல. அதே மாதிரி சின்னதா ஒண்ணு பண்ணிக் குடு. நம்பர் பிளேட்டுகூட அப்படியே இருக்கோணும். லைட்டு எரியோணும், பாத்துக்க."

என் வேலையை அதுவரை "பொம்ம வெளையாட்டு" என்றவர் அவர். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இன்று நினைத்தால் என்மேல்தான் முதலில் அருவருப்பு வருகிறது.

மூன்று வாரம் உட்கார்ந்தேன். விளக்கு இருக்க வேண்டிய இடத்தைக் கிண்ணம் போலக் குடைந்து, சாக்லேட் சுற்றிய வெள்ளித்தாளை உள்ளே சுருக்கமில்லாமல் ஒட்டினேன். மாத்திரை அட்டையின் பிளாஸ்டிக்கைச் சூடு காட்டி வளைத்து, ஊசியால் மெல்லிய கோடுகள் கீறி, மூடியாக வெட்டினேன். பின்னால் கடுகளவு பல்பு. ஆறினால் தெளிகிற வெள்ளைப் பசையால்தான் மூடியை ஒட்ட வேண்டும். இடது பக்கத்துக்கு மட்டும் அவசரப்பட்டு உடனே பிடிக்கிற பசையைத் தொட்டுவிட்டேன். அதன் ஆவி பட்டு மூடியின் கீழ் ஓரத்தில் பிறை போல வெள்ளை படர்ந்தது. மாற்றித் தருகிறேன் என்றேன். "இத எவன் பாக்கப் போறான்?" என்று வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

பத்து நாளில் பஞ்சாயத்து மெம்பர் வீட்டில் சமரசப் பேச்சு. மச்சான் பக்கத்து ஆளாக நானும் போனேன். பால்காரரை மகள் தாங்கிப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள். சாராய வாடை இல்லை. தைல வாடைதான் வந்தது.

"திரும்பிப் பாத்தப்ப பின்னால ஒத்த லைட்டுதானுங்க வந்துச்சு," என்றார் அவர். "பைக்குன்னு நெனச்சு ரோட்டோரமா போயிட்டிருந்தனுங்க. இந்தப் பக்கம் வண்டி இருக்குதுன்னே தெரியலீங்க."

மச்சான் சிரித்தபடி கைபேசியை மெம்பரிடம் நீட்டினார். "அன்னிக்கு மத்தியானம் எடுத்த போட்டோங்க. ரெண்டும் எரியுது பாருங்க."

கைபேசி கை மாறிப் பால்காரரிடம் போனது. அதைக் கண்ணருகே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார்.

"அப்ப என்ற கண்ணுதான் பொய்யா போச்சா?" என்று மகளிடம் கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அடுத்து என் கைக்கு வந்தது. பின்னால் நிஜமான ரோடு, நிஜமான தென்னைகள். முன்னால் வண்டி, கைபேசியைத் தரையோடு தரையாக வைத்து எடுத்த படம். இடது விளக்கின் கீழ் ஓரத்தில் வெள்ளைப் பிறை.

மச்சான் என் தொடையை அழுத்தினார். அந்தக் கையின் ஈரம் வேட்டியைத் தாண்டித் தெரிந்தது.

"இது நெச வண்டி இல்லீங்க," என்றேன். "நாஞ் செஞ்ச பொம்மைங்க. வண்டி ஸ்டேஷனுக்குப் போனதுக்கப்புறம் செஞ்சது."

மெம்பர் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு மச்சானைப் பார்த்து, "இடது லைட்டு எத்தன நாளா எரியல?" என்றார்.

"ரெண்டு மாசம்," என்றார் மச்சான், தரையைப் பார்த்தபடி. மருத்துவச் செலவு முழுவதையும் ஏற்றுக்கொள்வதாக அங்கேயே எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் பால்காரரிடம் போனேன். ஏதாவது நல்ல வார்த்தை வரும் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது.

"நீதான் செஞ்சு குடுத்தியா?" என்றார்.

"எதுக்குன்னு தெரியாம செஞ்சனுங்க."

என் விரல்களைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினார்.

அன்று மாலை அக்கா போனில் அழைத்தாள். "கட்டுனவன் மூஞ்சியில நாலு பேரு முன்னால காறித் துப்ப வெச்சுட்டியேடா," என்று அழுதாள். அந்தப் பெரியவர் தன் கண்ணையே சந்தேகப்பட்டதைச் சொன்னேன். அதைக் கேட்காமலே வைத்துவிட்டாள். அதற்குப் பின் அவள் பேசவில்லை. நானும் அந்த வீட்டுப் படி ஏறவில்லை.